கோல்ஃப்: அடிக்கும் முன் கணக்குப் போடுங்கள்!

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிம்பாங் ரெங்கம் போன்ற சிறுபட்டணத்தில் வளரும் மாணவருக்கு, கோல்ஃப் ஒரு தூரத்து விளையாட்டாகவே தோன்றும். காற்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு காலித் திடலும் போதும். பூப்பந்துக்குப் பள்ளி மண்டபம் இருக்கிறது. கோல்ஃபுக்கோ மட்டை வேண்டும், காலணி வேண்டும், திடலுக்குக் கட்டணம் வேண்டும், அழைத்துச் செல்ல ஒரு காரும் வேண்டும். "இது நமக்கான விளையாட்டு அல்ல" என்று பெற்றோர் சொல்வதில் வியப்பில்லை.

ஆனால் ஜொகூர் மாநிலம் கோல்ஃபுக்குப் புதிய இடமல்ல. இஸ்கண்டார் புத்ரியில் உள்ள ஹொரைசன் ஹில்ஸ் திடலில் நடந்த இஸ்கண்டார் ஜொகூர் பொது கோல்ஃப் போட்டியில் 2010இல் அயர்லாந்தின் பாட்ரிக் ஹாரிங்டனும், 2012இல் ஸ்பெயினின் செர்ஜியோ கார்சியாவும் வென்றிருக்கிறார்கள். நமக்கு அருகிலுள்ள பத்து பஹாட்டில் பிறந்த கெல்லி டான், அமெரிக்காவின் எல்பிஜிஏ மகளிர் தொழில்முறைச் சுற்றில் ஆடி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் நாட்டைப் பிரதிநிதித்தார். அக்கம்பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் அவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

இந்த விளையாட்டில் செலவு பிடிக்கும் பகுதி உண்டு. நல்ல மட்டையும் பயிற்றுநரும் திடல் நேரமும் பணமின்றிக் கிடைக்கா. ஆனால் காசே செலவில்லாத ஒரு பகுதியும் உண்டு. எந்தக் குழியை எப்படி ஆடுவது என்று முடிவெடுப்பதுதான் அது. தொடக்க நிலையில் ஆடும் இளையோர் இழக்கும் அடிகளில் பல, வீச்சு சரியில்லாமல் போனதால் இழந்தவை மட்டுமல்ல. அடிக்கக்கூடாத இடத்திற்கு அடிக்க முடிவெடுத்ததால் இழந்தவையும் அவற்றில் உண்டு. அந்த முடிவைத் திருத்திக்கொள்ள ஒரு பென்சிலும் ஒரு தாளும் போதும்.

மதிப்பெண் அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு முழுத் திடலில் 18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் 'பார்' என்ற எண் உண்டு. தேர்ந்த விளையாட்டாளர் ஒருவர் அந்தக் குழியை முடிக்க எத்தனை அடி எடுப்பார் என்பதே பார். பார் 3, பார் 4, பார் 5 என மூன்று வகைக் குழிகள் வழக்கத்தில் உள்ளன. 18 குழிகளையும் கூட்டினால் பெரும்பாலான திடல்களில் 72 வரும்.

அட்டையில் இன்னொரு வரிசை எண்ணும் இருக்கும். அதுதான் 'ஸ்ட்ரோக் இண்டெக்ஸ்'. 1 முதல் 18 வரை உள்ள இந்த எண்கள், ஹேண்டிகேப் சலுகை அடிகள் எந்தெந்தக் குழியில் கிடைக்கும் என்பதைக் காட்டுகின்றன. பொதுவாகக் கடினமான குழிகள்தான் சிறிய எண்ணைப் பெறும். ஒருவரின் ஹேண்டிகேப் 18 என்றால் ஒவ்வொரு குழியிலும் ஓர் அடி கூடுதலாக எடுக்க அவருக்கு உரிமை உண்டு. 36 என்றால் இரண்டு அடி. 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் 54 வரைகூட ஹேண்டிகேப் பெறலாம்.

இதன் பொருள் என்ன? ஹேண்டிகேப் 18 உள்ள ஒரு மாணவருக்குப் பார் 4 குழி உண்மையில் பார் 5. அட்டையில் அச்சிட்ட எண் தொழில்முறையாளருக்கானது. அதன் பக்கத்தில் உங்களுடைய சொந்தப் பாரைப் பென்சிலால் எழுதிவிட்டு ஆடத் தொடங்குங்கள். 18 குழிகளிலும் பாரைவிட ஓர் அடி மட்டுமே கூடுதலாக எடுத்தால் மொத்தம் 90. பல ஆண்டுகளாக ஆடியும் 90ஐத் தொடாதவர்கள் ஏராளம்.

பார் 4: கொடியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

டீயில் நின்றதும் பையிலிருந்து டிரைவரை உருவுவதுதான் எல்லாருடைய வழக்கமும். கொஞ்சம் நிதானித்து, கொடியிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். 'கிரீனுக்கு எங்கிருந்து அடித்தால் எனக்கு எளிது? அந்த இடத்திற்கு வர எதைக்கொண்டு அடிக்க வேண்டும்?' இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் மட்டையைத் தொட வேண்டும்.

எடுத்துக்காட்டாக 340 மீட்டர் நீளமுள்ள ஒரு பார் 4 குழியை வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் முழுக்க வெள்ளைக் கம்பு, அதாவது எல்லைக்கு வெளியே. இடப்பக்கம் மரங்கள். ஒரு மாணவரின் டிரைவர் 190 மீட்டர் போகும், ஆனால் இரண்டில் ஒன்றுதான் ஃபேர்வேயில் நிற்கும். அதே மாணவரின் 7 அயர்ன் 120 மீட்டர் போகும், பெரும்பாலும் நேராகப் போகும்.

7 அயர்னால் இரண்டு முறை அடித்தால் 240 மீட்டர். மீதி 100 மீட்டரை 9 அயர்னால் அடித்து கிரீனை அடையலாம். அதன் பிறகு இரண்டு புட். மொத்தம் 5 அடி. ஹேண்டிகேப் 18 உள்ளவருக்கு இது அவருடைய சொந்தப் பார். டிரைவரைத் தொடாமலே கிடைத்த மதிப்பெண் இது.

டிரைவர் வலப்பக்கம் பறந்து வெள்ளைக் கம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? ஓர் அடி தண்டனை, மீண்டும் அதே டீயிலிருந்து மூன்றாவது அடி. அந்த அடி நன்றாகப் போனாலும் 6 அல்லது 7க்குக் குறையாது. டிரைவரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அகன்ற ஃபேர்வே, இருபுறமும் ஆபத்தில்லை என்றால் தாராளமாக அடியுங்கள். குழி இடம் தந்தால் டிரைவர், தராவிட்டால் அயர்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்புகளின் நிறங்களையும் நினைவில் வையுங்கள். வெள்ளை என்றால் எல்லைக்கு வெளியே. அடியும் போகும், கடந்த தூரமும் போகும். மஞ்சளும் சிவப்பும் தண்டனைப் பகுதிகள், பெரும்பாலும் குளம் அல்லது ஓடை. இவற்றில் ஓர் அடி தண்டனையோடு முன்னேறி ஆடலாம். சிவப்பில் மட்டும், பந்து கோட்டைக் கடந்த இடத்தின் பக்கத்திலேயே பந்தை வைத்து ஆட ஒரு கூடுதல் வழி உண்டு. ஆக, ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு என்றால், தவறினாலும் சிவப்புப் பக்கமே தவறும்படி குறிவையுங்கள்.

பார் 3: கொடியை மறந்து கிரீனின் நடுவைப் பாருங்கள்

அமெரிக்காவின் ஆகஸ்டா திடலில் 12ஆம் குழி ஒரு பார் 3. நீளம் ஏறத்தாழ 142 மீட்டர்தான். முன்னால் ஓடை, ஒடுங்கிய கிரீன், பின்னால் பங்கர், சுழலும் காற்று. 2019 மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளில் கடைசி இரண்டு குழுக்களிலும் சேர்த்து ஆறு பேர் இந்தக் குழிக்கு வந்தார்கள். அவர்களில் நால்வர் பந்தை ஓடையில் விட்டார்கள். இரண்டு அடி முன்னிலையில் இருந்த இத்தாலியின் பிரான்செஸ்கோ மொலினாரியும் அவர்களில் ஒருவர்.

அவரோடு ஆடிய டைகர் வூட்ஸ் என்ன செய்தார்? கொடி கிரீனின் வலப்பக்கம் இருந்தது. அவரோ அதைக் குறிவைக்காமல், முன்னால் உள்ள பங்கருக்கு நேர் மேலாக, இடப்பக்கம் பாதுகாப்பான இடத்திற்கு அடித்தார். குழியிலிருந்து வெகு தூரத்தில் பந்து நின்றது. இரண்டு புட்டில் முடித்துப் பார் எடுத்தார். பார்வையாளர்களைத் துள்ள வைக்கும் அடி அல்ல அது. ஆனால் மொலினாரி அந்தக் குழியில் 5 எடுத்ததால் இருவரும் சமநிலைக்கு வந்தனர். 43 வயதில் தம் 15ஆவது பெரும் பட்டத்தை வூட்ஸ் வென்ற நாள் அது.

உலகின் தலைசிறந்த விளையாட்டாளரே கொடியை விட்டுவிட்டு நடுப்பக்கம் அடிக்கும்போது, நாம் மட்டும் ஏன் ஓடையை ஒட்டிய கொடியைத் துரத்த வேண்டும்?

பார் 3 குழியில் இரண்டு அளவுகளைப் பாருங்கள். முதலாவது, ஆபத்தைத் தாண்ட பந்து காற்றில் பறக்க வேண்டிய தூரம். உருண்டு போகும் தூரம் இதில் சேராது. இரண்டாவது, கிரீனின் ஆழம். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 30 மீட்டர் இருந்தால், கொடி முன்னால் இருக்கும் நாளுக்கும் பின்னால் இருக்கும் நாளுக்கும் இரண்டு மட்டை வித்தியாசம் வரக்கூடும். பழகுநர்கள் தவறுவது பெரும்பாலும் குறைவாக அடித்துத்தான். தாங்கள் என்றோ ஒரு நாள் அடித்த மிகச் சிறந்த அடியின் தூரத்தையே தங்கள் தூரமாக நம்பிவிடுகிறார்கள். வழக்கமாகப் போகும் தூரத்தை நம்புங்கள். ஐயம் இருந்தால் ஒரு மட்டை கூடுதலாக எடுங்கள்.

பார் 5: நிகழ்தகவுப் பாடம் இங்கே உதவும்

பள்ளியில் 'கெபாராங்காலியான்' என்ற பெயரில் படிக்கிறோமே, அந்த நிகழ்தகவு மிக நன்றாகப் பயன்படும் இடம் பார் 5 குழி.

இப்படி ஒரு நிலையைக் கற்பனை செய்யுங்கள். முதல் இரண்டு அடி முடிந்துவிட்டது. கிரீனுக்கு இன்னும் 160 மீட்டர். நடுவில் குளம். உங்கள் கையிலுள்ள நீளமான மட்டையால் அடித்தால் பத்தில் நான்கு முறை தாண்டும், ஆறு முறை தண்ணீரில் விழும் என்று வைத்துக்கொள்வோம்.

தாண்டினால் குழியை முடிக்க மேலும் 3 அடி. விழுந்தால் தண்டனை 1, மீண்டும் அடிப்பது 1, அதன் பிறகு 3, ஆக 5 அடி. இப்போது சராசரியைப் பாருங்கள்: பத்தில் நான்கு முறை 3, பத்தில் ஆறு முறை 5. அதாவது 1.2 கூட்டல் 3.0, மொத்தம் 4.2 அடி.

குளத்துக்கு முன்னால் 80 மீட்டர் தூரத்தில் பந்தை நிறுத்தினால், அங்கிருந்து முடிக்க உங்களுக்குச் சராசரியாக 3.5 அடி ஆகிறது என்று கொள்வோம். 4.2க்கும் 3.5க்கும் இடையே 0.7 அடி வித்தியாசம். ஒரே ஒரு முடிவில் ஏறக்குறைய முக்கால் அடி மிச்சம்.

எப்போது குளத்தைத் தாண்ட முயலலாம்? இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், நான்கில் மூன்று முறை தாண்ட முடியும் என்ற நிலையில்தான் இரண்டு வழிகளும் சமமாகின்றன. அதற்குக் கீழே என்றால் முன்னால் நிறுத்துவதே ஆதாயம். இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்காகச் சொன்னவை. உங்கள் எண்களை நீங்களே பயிற்சித் திடலில் எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை உண்மையிலேயே செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஸாக் ஜான்சன். 2007 மாஸ்டர்ஸ் போட்டியில் குளிரும் காற்றும் மிகுந்திருந்தன. அவர் நீண்ட தூரம் அடிப்பவர் அல்லர். நான்கு நாளில் 16 முறை பார் 5 குழிகளை ஆடினார். ஒரு முறைகூட இரண்டாவது அடியில் கிரீனை அடைய முயலவில்லை. ஒவ்வொரு முறையும் தமக்குப் பிடித்த தூரத்தில் பந்தை நிறுத்தி, மூன்றாவது அடியைக் கொடிக்கு அருகே இட்டார். அந்த 16 குழிகளில் மட்டும் பாருக்கு 11 அடி குறைவு. மொத்தம் 289 அடியில், வூட்ஸ் உள்ளிட்ட மூவரை இரண்டு அடியில் முந்திப் பட்டம் வென்றார்.

அப்படியானால் எப்போதும் முன்னால் நிறுத்துவதுதான் சரியா? அதுவும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறையாளர்களின் அடிகளைக் கணக்கிட்டு 2014இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய கணக்கில், ஃபேர்வேயில் ஏறத்தாழ 90 மீட்டர் தூரத்திலிருந்து அவர்கள் குழியை முடிக்கச் சராசரியாக 2.80 அடி எடுக்கிறார்கள். 18 மீட்டரிலிருந்து 2.40 மட்டுமே. எனவே நடுவில் தண்ணீரோ பங்கரோ இல்லையென்றால், கிரீனுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குவதே நல்லது. நடுவில் ஆபத்து இருந்தால் கணக்குப் போடுங்கள்.

தவறிய பிறகு எடுக்கும் முடிவு

எவ்வளவு திட்டமிட்டாலும் பந்து மரத்தடிக்குப் போகத்தான் போகிறது. அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் அன்றைய மதிப்பெண் இருக்கிறது.

1999 பிரிட்டிஷ் பொதுப் போட்டி, ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி திடல். பிரான்சின் ஜான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு வந்தபோது மூன்று அடி முன்னிலை. அந்தப் பார் 4 குழியில் 6 எடுத்தாலே பட்டம் அவருடையது. அவர் டிரைவரை எடுத்தார். பந்து வலப்பக்கம் வெகுவாக விலகியது. அப்போதும் ஒரு சிறிய அடியில் ஃபேர்வேக்குத் திரும்பியிருக்கலாம். அவரோ கிரீனை நோக்கி நீளமாக அடித்தார். பந்து பார்வையாளர் மேடையில் மோதித் திரும்பி அடர்ந்த புல்லில் விழுந்தது. அடுத்த அடி ஓடையில். அதன் பிறகு பங்கரில். இறுதியில் 7. சமநிலை முறிவு ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் பால் லாரி பட்டத்தைக் கொண்டுபோனார்.

இந்தக் கதையில் அவருடைய வீச்சைக் குறை சொல்வதில் பயனில்லை. 71 குழிகள் வரை அவர்தான் அந்தப் போட்டியின் சிறந்த விளையாட்டாளர். 6 அடி போதும் என்ற நிலையில் 4 அடிக்கான திட்டத்தோடு ஆடியதுதான் பாடம்.

நம் மாணவர்களுக்கு இதில் ஒரு நேரடி விதி உண்டு. பந்து மரங்களுக்கிடையே போனால், இலைகளுக்கு நடுவே தெரியும் சின்ன இடைவெளியைப் பார்க்காதீர்கள். மிக அகலமான வழி எது, அது பின்பக்கமாக இருந்தாலும், அந்த வழியே ஃபேர்வேக்கு வாருங்கள். ஓர் அடி போகும். ஆனால் ஓர் அடியோடு முடியும். பந்தைத் தேட விதிப்படி கிடைப்பது மூன்றே நிமிடம் என்பதும் நினைவிருக்கட்டும்.

கிரீனில்: முதல் புட் எங்கே நிற்க வேண்டும்?

தொலைக்காட்சியில் நீண்ட புட்டுகள் உள்ளே விழுவதையே காட்டுகிறார்கள். உண்மை வேறு. பிராடியின் கணக்குப்படி தொழில்முறையாளர்களே ஏறத்தாழ 2.4 மீட்டர் தூரத்திலிருந்து இரண்டில் ஒன்றுதான் போடுகிறார்கள். 6 மீட்டரிலிருந்து நூற்றில் 15 மட்டுமே.

எனவே 6 மீட்டர் புட்டில் உங்கள் வேலை அதை உள்ளே போடுவதல்ல. இரண்டாவது புட் ஒரு மீட்டருக்குள் இருக்கும்படி நிறுத்துவதே வேலை. திசையைவிடத் தூரத்தில் கவனம் வையுங்கள். கிரீனுக்கு அடிக்கும்போதே, குழிக்குக் கீழ்ப்புறம் பந்து நிற்குமாறு பாருங்கள். மேட்டை நோக்கி அடிக்கும் புட்டைத் துணிந்து அடிக்கலாம். சரிவில் இறங்கும் புட் ஓடிவிடும்.

நம் நாட்டு கிரீன்களில் புல் சாய்ந்திருக்கும் திசையும் முக்கியம். பார்க்கும்போது புல் பளபளப்பாகத் தெரிந்தால், அது உங்களை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். மங்கலாகத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து மெதுவாகப் போகும். காலையில் பனித்துளி இருந்தால் இன்னும் மெதுவாகும்.

மழையும் இடியும் கணக்கில் சேரும்

ஜொகூரில் மழை ஒரு பதினைந்தாவது மட்டை போல. 2012 இஸ்கண்டார் ஜொகூர் பொதுப் போட்டியே வானிலையால் 72 குழிகளிலிருந்து 54 குழிகளாகக் குறைக்கப்பட்டது. ஈர ஃபேர்வேயில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும், உருளாது. வறண்ட நாளில் 190 மீட்டர் போன டிரைவர், மழைக்குப் பின் 170ஐத் தாண்டாது. அன்று கொடிக்குத் தூரம் கூடுகிறது என்று வைத்துத் திட்டத்தை மாற்றுங்கள். மண் இளகியிருப்பதால், மட்டை தரையில் புதையாமல் முதலில் பந்தைத் தொடுமாறு அடிப்பதும் தேவை.

இடியைப் பொறுத்தவரை எந்தக் கணக்கும் இல்லை. எச்சரிக்கை ஒலி கேட்டதும், பாதி ஆட்டத்தில் இருந்தாலும், அடியைக்கூட முடிக்காமல் நிறுத்திவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்திற்குள் போய்விட வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

பை தூக்கியவர்கள் கற்ற பாடம்

இந்தத் திட்டமிடும் அறிவு நம் மக்களுக்கு அந்நியமானதல்ல. ஆங்கிலேயத் தோட்டத் துரைமார்கள் கோல்ஃப் ஆடிய காலத்தில், புல் வெட்டியதும் பை தூக்கியதும் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளுமே. கேடி என்பவர் பையை மட்டும் சுமப்பவர் அல்லர். எந்தக் கிரீன் எந்தப் பக்கம் சரியும், எந்தக் குழியில் காற்று ஏமாற்றும் என்று அறிந்தவர். ஆயிரம் முறை அடுத்தவர் எடுத்த முடிவுகளைப் பார்த்தவர்.

அப்படிப் பார்த்துக் கற்றவர்கள் பட்டங்களையும் வென்றிருக்கிறார்கள். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991இல் இந்தியப் பொதுப் போட்டியை வென்ற முதல் இந்தியர் ஆனார். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். இலங்கையின் என். தங்கராஜா இந்தியத் தொழில்முறைச் சுற்றில் வென்றிருக்கிறார். நம் நாட்டில் எம். ராமையா, பி. குணசேகரன் ஆகியோர் அனைத்துலக அரங்கில் மலேசியாவுக்காக ஆடியவர்கள்.

பிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான விஜய் சிங், இளமையில் சபாவின் கெனிங்காவ், சரவாக்கின் மிரி ஆகிய இடங்களின் கோல்ஃப் மன்றங்களில் பயிற்றுநராக வேலை பார்த்தார். 1984இல் மலேசிய பிஜிஏ பட்டத்தை வென்றார். அங்கிருந்து தொடங்கி, 2004இல் டைகர் வூட்ஸைப் பின்தள்ளி உலகின் முதல்நிலை விளையாட்டாளர் ஆனார். உலக முதலிடத்துக்குப் போகும் பாதை ஒரு காலத்தில் கெனிங்காவ் வழியாகப் போயிருக்கிறது. சிம்பாங் ரெங்கம் வழியாகப் போகக் கூடாதா?

மாணவர்களுக்கு இதில் என்ன பயன்?

பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன. விளையாட்டில் மாவட்டம், மாநிலம் என்று முன்னேறுவோர்க்கு அந்த 10 விழுக்காட்டில் நல்ல பங்கு கிடைக்கும். சுக்மா போட்டியிலும் கோல்ஃப் உண்டு.

நன்றாக ஆடுவோர்க்கு வெளிநாட்டு வாய்ப்பும் இருக்கிறது. 2017இல் ஆசியச் சுற்றின் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் மலேசியரான கேவின் கிரீன், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக அணிக்காக ஆடியவர். ஆடுவது மட்டுமே வழி என்றும் இல்லை. புல்தரை பராமரிப்பு, திடல் நிர்வாகம், பயிற்சியளித்தல், போட்டி நடுவர் பணி என்று இத்துறையில் வேலைகள் பல உண்டு. திடலைக் குழி குழியாகப் படிக்கத் தெரிந்தவருக்கு இவை எல்லாவற்றிலும் அந்த அறிவு கைகொடுக்கும்.

எப்படித் தொடங்கலாம்?

விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் அவ்வளவு தேவையில்லை. ஒரு ஹைபிரிட், 7 அயர்ன், 9 அயர்ன், ஒரு வெட்ஜ், ஒரு புட்டர் போதும். பழைய மட்டைகளை இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ தொடங்கலாம். குளுவாங், கூலாய், செனாய், பத்து பஹாட் பக்கம் செல்லும்போது, முழுத் திடல் கட்டணம் கட்டுவதற்கு முன் பயிற்சித் திடலில் ஒரு கூடை பந்து அடித்துப் பாருங்கள். அன்றே ஒரு நோட்டுப் புத்தகமும் திறந்துவிடுங்கள். அதில் எழுத வேண்டியவை:

1. ஒவ்வொரு மட்டையாலும் பத்துப் பந்து அடித்து, மிக நீளமான இரண்டையும் மிகக் குறைந்த இரண்டையும் விட்டுவிட்டு, மீதி ஆறின் சராசரித் தூரம்.

2. அந்தப் பத்தில் எத்தனை வலம், எத்தனை இடம் விலகின என்ற எண்ணிக்கை. பத்தில் ஏழு வலப்பக்கம் போனால், அதற்கேற்பச் சற்று இடப்பக்கம் குறிவைக்கலாம்.

3. ஆடப் போகும் திடலின் ஒவ்வொரு குழிக்கும் ஒரு படம். கைப்பேசியில் கிடைக்கும் செயற்கைக்கோள் வரைபடத்தைப் பார்த்து, ஃபேர்வே, குளம், பங்கர், கிரீன் ஆகியவற்றை வரைந்துகொள்ளுங்கள். கொடியிலிருந்து பின்னோக்கித் தூரங்களைக் குறியுங்கள்.

4. ஒவ்வொரு குழியிலும் உங்கள் சொந்தப் பார். அதோடு, 'இந்தப் பக்கம் மட்டும் போகக் கூடாது' என்று ஒரே ஓர் எச்சரிக்கை.

5. ஆட்டம் முடிந்த பிறகு, இழந்த அடிகளை இரண்டாகப் பிரித்த பட்டியல். சரியாக முடிவெடுத்தும் அடி தவறியவை ஒரு பக்கம். முடிவே தவறியவை மறுபக்கம்.

முதல் பட்டியலைக் குறைக்கப் பயிற்சியும் காலமும் வேண்டும். இரண்டாவது பட்டியலை அடுத்த வாரமே பாதியாக்கலாம். சிம்பாங் ரெங்கத்தில் ஒரு மேசை விளக்கின் கீழ், மறுநாள் ஆடப்போகும் திடலின் படத்தை வரைந்து வைத்திருக்கும் மாணவர், விலை உயர்ந்த மட்டையோடு வந்து நேராக டிரைவரை உருவும் ஒருவரைவிட முதல் டீயிலேயே சில அடி முன்னால் நிற்கிறார்.